மீதிக்கும் ஒரு இலை

அந்தக் காலத்தில் குருவிக்கும் அணிலுக்கும் வல்லூறுக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரிந்தது. புரிந்ததைக் கேட்டு நடந்தார்களா என்றால், அது வேறு விஷயம்.

தவிட்டுக்குருவியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தவிட்டு நிறத்தில், கலைந்த தலையோடு, வேலிக்கு அடியில் ஏழெட்டுப் பேராகத் தத்தித் தத்திப் போகுமே, வாய் ஓயாமல் சலசலத்துக்கொண்டு, அதேதான். இப்போது அவை ஒன்றுக்கொன்று தலை கோதிவிடுகின்றன. ஒருத்தி குஞ்சுக்கு இன்னொருத்தி இரை ஊட்டுகிறாள். அப்போது இந்த ஒற்றுமையெல்லாம் கிடையாது. சேர்ந்துதான் திரிந்தன, ஆனால் ஒரு வெட்டுக்கிளி கிடைத்துவிட்டால் போதும். இவள் ஒரு காலைப் பிடிப்பாள், அவள் ஒரு இறக்கையைப் பிடிப்பாள், மண்ணில் புரண்டு ஒன்றை ஒன்று கொத்தி, கண்மாய்க்கு அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி ரகளை நடக்கும். முடிந்த பிறகு பார்த்தால் வெட்டுக்கிளி எப்போதோ குதித்துப் போயிருக்கும்.

அக்கரையில் ஒரு மொட்டைப் பனை இருந்தது. அதன் உச்சியில் ஒரு வல்லூறு குடியிருந்தது. அது வேட்டைக்கு என்று மெனக்கெட்டதே இல்லை. சண்டைச் சத்தம் கேட்டதும் கிளம்பும். தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வரும். குனிந்திருக்கிற தலைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான். தவிட்டுக்குருவிகளின் பங்குச் சண்டைதான் அதற்குச் சாப்பாட்டு மணி.

அப்படித்தான் அந்தக் கூட்டத்துத் தவுட்டம்மாவின் தங்கச்சி செவத்தாள் போனாள். அக்காளும் தங்கச்சியும் ஒரே வெட்டுக்கிளியைப் பிடித்து, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி இழுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இழுப்பு லேசாகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று தவுட்டம்மா நிமிர்ந்தாள். எதிரில் தங்கச்சி இல்லை. வானத்தில் ஒரு நிழல் போய்க்கொண்டிருந்தது.

அந்த வெட்டுக்கிளியை அவள் தின்னவில்லை, அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

தவுட்டம்மாவுக்கு ஆறு குஞ்சுகள். செவத்தாளுக்கு இருந்தது ஒரே குஞ்சு, அதுவும் நோஞ்சான். எள் அளவுக்குத்தான் இருக்கிறாள் என்று எள்ளு என்றே கூப்பிட்டார்கள். அந்தக் குஞ்சையும் தன் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, ஏழும் என் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டாள் தவுட்டம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டாவிட்டால் இந்த ஏழில் எத்தனை மிஞ்சும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. யோசித்துப் பார்த்தாள். எல்லாச் சண்டையும் பங்குச் சண்டை. பங்கு போடத் தெரியாததால்தானே சண்டை? அப்படியானால் பிள்ளைகளுக்குப் பங்குக் கணக்குப் படிப்பித்துவிட வேண்டியதுதான்.

இக்கரையில் ஒரு பெரிய புளியமரம். அதன் பொந்தில் ஒரு அணில் இருந்தார். முதுகில் மூன்று கோடு இழுத்திருந்ததால் வரிவாத்தியார் என்று பெயர். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தவுட்டம்மா போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரு புளியம்பழத்தை உருட்டி உருட்டிக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“கூட்டச் சொல்லு, சொல்லித் தாரேன். வகுத்தல்ங்கிறது அடங்காத கணக்கு தாயி. பெரிய பெரிய ஆளுகளுக்கே உதறும். உன் பிள்ளைக ஒரு நிமிஷம் வாயை மூடுமா?”

“மூடாதுதான்,” என்றாள் தவுட்டம்மா. “ஆனா அண்ணே, உங்க மரத்துல பாம்பு ஏறினா கத்துறதுக்கு அந்த ஏழு வாயும் ஆகும்ல?”

வாத்தியார் கடிப்பதை நிறுத்தினார். போன மழைக்காலத்தில் ஒரு சாரைப்பாம்பு அவர் பொந்து வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மறுநாளே பள்ளிக்கூடம் தொடங்கியது.

முதலில் எல்லா வாத்தியாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கிளையில் வரிசையாக உட்காரவைத்து, ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று, எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு என்று ராகம் போட்டுச் சொல்லவைத்தார். தவிட்டுக்குருவிக்குச் சத்தம் போடச் சொல்லித் தரவா வேண்டும்? மரமே அதிர்ந்தது. வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடமாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பளிப்புழு கிளையில் ஊர்ந்து வர, ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று என்று கத்திக்கொண்டே ஏழும் அதன் மேல் விழுந்து அடித்துக்கொண்டன. வாத்தியார் வாலைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டார்.

வாயில் இருக்கிற கணக்கு வயிற்றுக்கு வரவில்லை என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது.

மறுநாள் அவர் கிளையில் பள்ளிக்கூடம் வைக்கவில்லை. தரையில் வைத்தார். பூவரசு இலைகளைக் கொஞ்சம் கொறித்துப் போட்டுத் தட்டு மாதிரிப் பரப்பினார். தான் தின்று மிஞ்சிய புளியங்கொட்டைகளைக் குவித்தார். பிறகு பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டிலும் கொட்டைகளை அள்ளிக் காட்டினார். கை என்று ஒன்று இருந்தது அந்தக் கரையிலேயே அவருக்குத்தான். குஞ்சுகள் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தன.

“இந்தா ஆறு கொட்டை. இந்தா ரெண்டு இலை. இந்த இலைக்கு ஒண்ணு, அந்த இலைக்கு ஒண்ணு. இன்னொரு சுத்து, இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு. கை காலியாகுற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு இலையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, இன்னொரு இலையைப் பார்த்து முறைக்கக் கூடாது. இப்ப எண்ணு.”

மூத்த குஞ்சு தடியன் எண்ணினான். இந்த இலையில் மூன்று. அந்த இலையில் மூன்று. அவன் இன்னொரு முறை எண்ணினான். அப்புறம் அலகைத் திறந்தபடியே நின்றான். இத்தனை நாளாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு இலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போக யாருக்கும் மனசில்லை. எட்டுக் கொட்டையை நாலு இலையில் போட்டார்கள். ஒன்பதை மூன்றில் போட்டார்கள். ஒரு குஞ்சு நைசாகத் தன் இலைக்கு இரண்டு போட்டுப் பார்த்தது. கடைசி இலை காலியாகக் கிடந்து அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இலை பொய் சொல்லாது என்று வாத்தியார் சொல்ல, மற்றவை அந்தக் குஞ்சைச் சுற்றிச் சுற்றிக் கேலி செய்தன. எள்ளு பேசவே இல்லை. கொட்டையை அலகால் உருட்டி உருட்டி ஒவ்வொரு இலையிலும் சரியாக நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அடுத்த பாடம் மீதி. ஏழு கொட்டையை இரண்டு இலைக்குப் போட்டால் இலைக்கு மூன்று விழுந்த பிறகு ஒன்று கையிலேயே நிற்கும். அதை என்ன செய்வது என்று குஞ்சுகள் கேட்டன. வாத்தியார் தோளைக் குலுக்கினார். “அது மீதி. இந்த இலைக்குப் போட்டா அந்த இலை சும்மா இருக்காது. சண்டைக்கு வித்து. அதனால ஓரமாப் போட்டுறணும்,” என்று சொல்லிக் கொட்டையைக் கண்மாய்ப் பக்கம் வீசினார். அது கரைச் சேற்றில் விழுந்து மறைந்தது. அதற்கப்புறம் மீதி வரும்போதெல்லாம் அதைச் சேற்றில் எறிவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை. கொட்டைக்கு வலிக்குமா என்ன?

தப்பு நடந்தது ஒரு வெள்ளாட்டுக் கூட்டத்தால். ஒரு நாள் காலையில் ஆடுகள் வந்து மரத்தடியில் கிடந்த புளியம்பழத்தையெல்லாம் கொட்டையோடு மென்றுவிட்டுப் போய்விட்டன. வாத்தியார் வந்து பார்த்தால் பாடத்துக்கு ஒரு கொட்டை இல்லை. பிள்ளைகளோ கணக்குக் கணக்கு என்று நச்சரிக்கின்றன. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றுதான் அவரும் நினைத்தார்.

“இன்னைக்கு நீங்கதான் கொட்டை. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ந்து ஒவ்வொரு இலையில நில்லுங்க பார்ப்போம்.”

ஒரே கும்மாளம். ஓடிப்பிடித்து ஜோடி சேர்ந்தன. மூன்று இலை நிறைந்தது. எள்ளு நோஞ்சான், தத்துவதிலும் மந்தம். அவள் வந்து சேர்வதற்குள் ஜோடி முடிந்துவிட்டது.

“மீதி ஒண்ணு,” என்றார் வாத்தியார். “மீதி ஓரமா நில்லு தாயி.”

எள்ளு ஓரமாக நின்றாள். அப்புறம் மூன்று மூன்று பேராக நிற்கச் சொன்னார். இரண்டு இலை நிறைந்தது, எள்ளு மீதி. ஆறு பேராக நிற்கச் சொன்னார். ஒரு இலையில் ஆறும் நெருக்கியடித்து நின்று சிரித்தன, எள்ளு மீதி. எப்படிப் பிரித்தாலும் மீதி மாறாமல் வருகிறதே என்று வாத்தியாருக்குக் கணக்கின் அழகில் சந்தோஷம் தாங்கவில்லை. மீதி யாரென்று அவர் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் தடியன் அவளை மீதி என்று கூப்பிட்டான். சாயங்காலத்துக்குள் எள்ளு என்ற பெயர் போய் மீதி என்ற பெயர் நின்றுவிட்டது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த மூன்று ஜோடியும் பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் ஜோடியாகவே திரிந்தன. ஒருவனுக்குப் புழு கிடைத்தால் ஜோடிக்குப் பாதி. இவளுக்கு வெட்டுக்கிளி கிடைத்தால் அவனுக்குப் பாதி. சண்டையே இல்லை. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது? தவுட்டம்மா வேலி மேல் உட்கார்ந்து பார்ப்பாள். பிள்ளைகள் இரண்டிரண்டாகக் குனிந்து அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும். அவளுக்குக் கண் நிறைந்துபோகும். ஆறு குஞ்சுகள் தின்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பக்கத்துப் புதரில் தனக்கென்று இரை தேடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். எள்ளுவுக்கோ தனியாகப் பூச்சி பிடிக்கிற தெம்பு இன்னும் வரவில்லை. கேட்டுப் பார்த்தாள். உனக்கு இலை கிடையாதே என்றார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

நாளாக நாளாக அவள் உடம்பு இளைத்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

ஒரு நாள் எல்லாரும் போன பிறகு எள்ளு வாத்தியாரிடம் போனாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். மீதிங்கிறதும் கொட்டைதானே?”

“கொட்டைதான். அதுல என்ன சந்தேகம்?”

“மத்த கொட்டையை விடச் சின்னதா?”

“எல்லாம் ஒரே அளவுதான் தாயி.”

“அப்ப அது என்ன தப்புப் பண்ணிச்சு?”

இந்தக் கேள்வி எந்தக் கணக்கிலும் வாத்தியாருக்கு வந்ததில்லை. மீதி வகுபடாது, அதற்கு இலை கிடையாது, அதுதான் முறை என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். எள்ளு சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் தத்திப் போகிற நடை முன்னைவிட மெதுவாக இருந்ததை வாத்தியார் கவனித்தார். ஏனென்று தெரியவில்லை, அன்றைக்கு அவருக்குப் புளியம்பழம் புளித்தது.

அதற்கு மறுவாரம் மழை பிடித்தது. விடாமல் பெய்து கண்மாய் நிறைந்தது. ஒரு நாள் மாலையில் மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தபோது புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. ஈசல் என்றால் சும்மா இல்லை. பூமியைப் பிளந்துகொண்டு பொங்குகிற மாதிரி. தவிட்டுக்குருவிகள் மொத்தமாக இறங்கின. பெரியவர்களும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள், பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் கற்றுக்கொண்டது அது. எல்லாத் தலையும் குனிந்தது. சண்டை இல்லை, கூச்சல் இல்லை, இறக்கை உதிர்கிற சத்தம் மட்டும்தான்.

சண்டை இருந்த காலத்திலாவது கொத்து வாங்கிய ஒருவர் இடையில் நிமிர்ந்து பார்ப்பார். இப்போது நிமிர்ந்து பார்க்கவும் ஆள் இல்லை.

எள்ளு இறங்கவில்லை. ஈசல் ஊருக்கே போதும், அவள் இறங்கியிருந்தாலும் யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் ஓரமாக நிற்கச் சொன்னால் ஓரமாக நிற்பது என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. புளியமரத்தின் ஒரு கிளையில் உட்கார்ந்து, வயிறு ஒட்டிக் கிடக்க, கீழே எல்லாரும் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஜோடி என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் மொட்டைப் பனை உச்சி காலியாக இருந்தது.

அவள் பார்த்துவிட்டாள். தண்ணீரை ஒட்டி, கறுப்பாக, சாப்பாட்டு மணிக்குக் காத்துக் காத்துப் பசித்துப்போன வல்லூறு சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. நேராகத் தடியன் நிற்கிற இடத்துக்கு. மீதி என்று முதலில் கூப்பிட்டானே, அந்தத் தடியன். அவன் ஒரு ஈசலைப் பாதியாகக் கிழித்து ஜோடிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எள்ளு கிளையில் இலை மறைவில் இருந்தாள். வாய் திறக்காவிட்டால் வல்லூறுக்கு அவள் இருப்பதே தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

அவள் கத்தினாள். அந்த நோஞ்சான் உடம்புக்குள் அத்தனை பெரிய சத்தம் எங்கே இருந்ததோ, மரப்பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் துள்ளி எழுந்தார். வருது, மேலே பாருங்க, வருது என்று அவள் ஒரே மூச்சில் கத்த, கீழே ஒரே கணத்தில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அடுத்த கணம் தரையில் ஒரு குருவி இல்லை. மொத்தமும் இலந்தைமுள் புதருக்குள் இருந்தன.

வல்லூறின் நகம் வெறும் மண்ணைக் கீறியது. அது எழும்பிச் சத்தம் வந்த கிளையைப் பார்த்தது.

எள்ளு பறக்கப் பார்த்தாள். பட்டினி கிடந்த சிறகு தூக்கவில்லை. கிளையோடு தத்தி, அடிமரத்துப் பக்கம் ஓடினாள். பின்னால் காற்று கிழிகிற சத்தம் கேட்டது. வாலை ஏதோ பிடித்தது. அதே நேரம் முன்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்து அவள் கழுத்தைக் கட்டிப்பிடித்து ஒரே இழுப்பாகப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டன.

வெளியே வல்லூறின் காலில் இரண்டு வால் இறகுதான் மிஞ்சியது. அது பொந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பனைக்குத் திரும்பிவிட்டது.

பொந்துக்குள் இருட்டு. வாத்தியார் அவளை இன்னும் விடவில்லை. கைக்குள் அவள் எவ்வளவு லேசாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு புளியங்கொட்டை அளவு கனம்கூட இல்லை.

எள்ளு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். “ஐயா, நான் மீதி. மீதியை வெளியேதானே போடணும்?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை, சொல்லிக்கொடுத்ததை ஞாபகம் வைத்துக் கேட்டாள். வாத்தியார் சேர்த்து வைத்திருந்த பண்டத்தையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக உடைத்து, அவள் அலகில் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் போதும் என்று சொன்ன பிறகும் கொடுத்தார்.

இதற்குள் இலந்தைப் புதரில் தவுட்டம்மா பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறுதான் வந்தது. மறுபடி எண்ணினாள். செவத்தாள் பிள்ளை எங்கே என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. தவிட்டுக்குருவிகள் பேசாமல் இருந்தால் அது எப்படிப்பட்ட விஷயமாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் தடியன்தான் சொன்னான். மீதி மேலே இருந்தாள், அவள்தான் கத்தினாள் என்றான். மீதி யாரு என்றாள் தவுட்டம்மா. ஒவ்வொன்றாக எல்லாக் கதையும் வெளியே வந்தது. இலை கிடையாது என்றது, பங்கு கிடையாது என்றது, எல்லாம்.

தவுட்டம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. “நான் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன்டா,” என்று மட்டும் சொன்னாள். அதற்குத் தடியன் அழுதுவிட்டான்.

பிறகு அவள் முள்ளிலிருந்து வெளியே வந்து புளியமரத்துக்குப் பறந்தாள். பொந்துக்குள்ளிருந்து, வாலில் இரண்டு இறகு போன ஒரு குஞ்சு, வாயில் உணவோடு எட்டிப் பார்த்தது. அதன் தலையைத் தவுட்டம்மா இருட்டும்வரை கோதினாள். கோதினாள், கோதினாள், விடவே இல்லை. மற்ற ஆறும் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தயங்கி, அவையும் கோதத் தொடங்கின.

விடிந்ததும் வாத்தியார் இலை பொறுக்கக் கரைப்பக்கம் போனார். போனவர் சேற்றைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் தூக்கி எறிந்த மீதியெல்லாம் முளைத்திருந்தது. தோல் வெடித்து, தடித்த பருப்பிலையைத் தூக்கிக்கொண்டு, கரை நெடுகச் சின்னச் சின்னப் புளியங்கன்று. இலையில் பங்கு போட்ட கொட்டைகளை நினைத்துப் பார்த்தார். அதில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. ஆடு தின்றது போக மற்றதை அவரே தின்றிருந்தார்.

இலை பொறுக்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினார்.

அன்றைக்குப் பாடம் நடந்தது. ஏழு கொட்டை எடுத்தார், மூன்று இலை போட்டார். இலைக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, இரண்டு சுற்று முடிந்தது. கையில் ஒன்று நின்றது. எறியலாம் என்று தடியன் பழக்கத்தில் அலகை நீட்டினான். வாத்தியார் கையை இழுத்துக்கொண்டார். இன்னொரு இலை பறித்து வந்து, புளியமரத்தின் தாழ்ந்த கிளைக் கவட்டில் விரித்து, அந்தக் கொட்டையை அதில் வைத்தார்.

“நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். மீதி வெளியே போறது இல்ல, மேலே போறது. அதுக்கும் இலை உண்டு. கீழே குனிஞ்சு தின்கிறவங்களுக்காக அது மேலே உட்கார்ந்து பார்க்கும். அடுத்த பந்தி வைக்கும்போது முதல் கொட்டை யாருக்கு?”

“மேலே இருந்ததுக்கு,” என்றான் தடியன், மெதுவாக.

“அப்படிச் சொல்லு. எண்ண ஆரம்பிக்கிறதே அதுலேயிருந்துதான்.”

உடனே சோதித்துப் பார்த்தார்கள். வாத்தியார் அவர்களை ஜோடியாக நிற்கச் சொன்னார். இந்தத் தடவை எண்ணுவது எள்ளுவிலிருந்து தொடங்கியது. எள்ளு முதல் இலையில் நின்றாள். அவள் பக்கத்தில் யார் நிற்பது என்று ஒரு தள்ளுமுள்ளு. எல்லாம் முடிந்து பார்த்தால் மீதியாக நின்றது தடியன். அவன் யாரும் சொல்லாமலே கிளைக்கு ஏறினான். மேலே போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்து, ஒரு வண்ணத்துப்பூச்சி வந்ததற்கே கத்திவிட்டான். அத்தனை பேரும் புதருக்குள் ஓடி, முள் குத்திக்கொண்டு வெளியே வந்து அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அது போகட்டும், பழகினால் சரியாகிவிடும் என்றாள் எள்ளு.

அதற்கப்புறம் ஒரு புதுச் சண்டை வந்தது. இன்றைக்கு மீதி நான்தான், நேற்றே நீ இருந்தாய், இறங்கு, எனக்கு விடு என்று ஏழும் போட்டி போட்டன. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, முறை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பொந்துக்குள் போனார். ஆனால் அந்தச் சண்டைச் சத்தம் கேட்டு வல்லூறு கிளம்பினால், அதை முதலில் பார்ப்பதற்கு மேலே ஒரு ஆள் இருந்தது. சில நாள் இப்படி ஏமாந்து பார்த்துவிட்டு, அது பனையைக் காலிசெய்துவிட்டு வேறு கண்மாய்க்குப் போய்விட்டது.

எள்ளுவுக்கு உடம்பு தேறியது. வால் இறகு முளைத்தது, ஆனால் முன்போல் ஒழுங்காகப் பொருந்தவில்லை. இப்பவோ அப்பவோ கழன்று விழுந்துவிடும் என்பது போல் தொளதொளவென்று ஆடியது. பார்த்த மற்றக் குஞ்சுகளும் தங்கள் வாலைத் தொளதொளவென்று ஆட்டத் தொடங்கின. அழகு என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் எந்தத் தவிட்டுக்குருவியின் வாலும் சரியாக மாட்டியிருக்கிற மாதிரி இருக்காது.

கரையில் முளைத்த கன்றுகள் மரமாயின. அந்த மரங்களின் கொட்டையைத்தான் பிறகு மனுசப் பிள்ளைகளும் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் பரப்பி, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பங்கு போட்டுப் படித்தார்கள். கையில் ஒன்று நின்றுவிட்டால் கொஞ்சம் விழிக்கத்தான் விழிப்பார்கள். விழிக்கட்டும்.

எள்ளு கத்திய அந்த ஈசல் பொழுதிலிருந்துதான் தவிட்டுக்குருவிக் கூட்டம் தரையில் இறங்கி மேயும்போதெல்லாம் ஒன்று மட்டும் தனியாகக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. பாவம், அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கீழிருந்து ஒன்று மேலே வரும், மேலே இருந்தது கீழே இறங்கும், முதல் பூச்சி அதற்குத்தான்.